கல் பொறுக்கப் போகிறவர்களுக்கு

என்னிடம் ஒரு ஷூ பெட்டி நிறைய அழகான கற்கள் உண்டு. ஆனால் எது எங்கே கிடைத்தது என்று கேட்டால் தெரியாது. அதனால் இப்போதெல்லாம் கல்லை எடுத்த இடத்திலேயே துண்டுச் சீட்டில் ஊர், தேதி, ஓடையா வயலா என்று எழுதிப் பையில் போட்டுவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் கல்லின் மூலையில் ஒரு சொட்டு வெள்ளைப் பெயின்ட் வைத்து, காய்ந்தபின் அதன்மேல் எண், நோட்டிலும் அதே எண்.

காங்கேயம் பக்கம் உழுத காட்டில் பளிங்குக் கல் (மார்பிள் இல்லை, குவார்ட்ஸ்) கண்ணில் படும். காட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் குனிய வேண்டும். குவாரிக்குள் அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்கள் (கல்லாகிப்போன மரங்கள்) சுமார் 2 கோடி ஆண்டு பழையவை. அங்கே ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது, பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். நடுகல், கோயில் கல் பக்கம் சுத்தியலே போகக் கூடாது.

சுத்தியல் என்றதும் ஞாபகம் வருகிறது: தச்சர் சுத்தியல் வேண்டாம், அதன் விளிம்பு சில்லாகத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அடிக்காதீர்கள்.

பளிங்கா, அதைப்போலவே இருக்கும் கால்சைட்டா (சுண்ணாம்பு வகைக் கல்) என்று சந்தேகமா? பேனாக்கத்தியால் கீறுங்கள். கால்சைட்டில் கோடு விழும். பளிங்கில் விழாது, கத்தியின் இரும்புதான் சாம்பல் நிறத்தில் ஒட்டும். அதைக் கோடு என்று நினைத்து நானே ஏமாந்திருக்கிறேன். விரலால் தேய்த்துப் பார்த்துவிடுங்கள்.