குரல்நாண் நன்றாக இருந்தும் குரல் வராதவர்களுக்கு: மலையகத்தில் தொடர் சிகிச்சை

ஒருவருக்குக் குரல் கம்மி 4 வாரமாகியும் தெளியவில்லையா? பயிற்சி எதையும் தொடங்கும் முன், காது மூக்கு தொண்டை கிளினிக்கில் கமராக் குழாய் விட்டுக் குரல்நாண்களைப் பார்த்தே ஆக வேண்டும். புகைப்பவர், வெற்றிலை போடுபவர், விழுங்க வலிப்பவர், கழுத்தில் கட்டி உள்ளவர் ஆகியோரை அதற்கும் முன்பே அனுப்புங்கள். மூச்சு இழுக்கும்போது சத்தம் கேட்டால் அன்றைக்கே.

நாணில் முடிச்சோ வாதமோ இல்லை, ஆனாலும் குரல் கம்முகிறது என்றால் பெரும்பாலும் கழுத்துத் தசை இறுக்கம்தான். தடுப்பில்லாத மண்டபத்தில் பக்கத்து வகுப்போடும், தகரக் கூரையில் கொட்டும் மழையோடும் போட்டிபோட்டுக் கத்தும் தோட்டப் பாடசாலை ஆசிரியருக்கு இது எளிதில் வரும். தடிமன் போன பிறகும், நோவுக்காக இறுக்கிப் பேசிய பழக்கம் அப்படியே தங்கிவிடும். “ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வலியும் களைப்பும் நிஜம். அப்படிச் சொன்னால் அவர் மறுபடி வரமாட்டார்.

முதல் நாளில் இருமச் சொல்லுங்கள். கிசுகிசுவென்று பேசுபவர் கணீரென்று இருமினால், நாண்கள் சேர்ந்து அதிர்கின்றன. அதை அவர் காதாலேயே கேட்கச் செய்யுங்கள். பாதி நம்பிக்கை அங்கேயே வந்துவிடும். அடுத்து, ஒரே மூச்சில் “ஆ”. வளர்ந்தவர் பொதுவாக 15 செக்கனாவது பிடிப்பார். 10க்குக் கீழ் என்றால் குறித்துவையுங்கள். போனை வாயிலிருந்து 30 செ.மீ. தள்ளிவைத்து ஒரு பந்தியை வாசிக்கவைத்துப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் அதே பந்தி, அதே தூரம்.

சிகிச்சையில் முதலில் கழுத்தைத் தளர்த்த வேண்டும். குரல்வளை மேட்டுக்கு மேலுள்ள பள்ளத்தின் இரு பக்கமும் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் வைத்து, மெதுவாக வட்டமாகத் தேய்த்துக் கீழே இறக்குங்கள். அவர் “ம்ம்” என்று முனகிக்கொண்டிருக்கட்டும். நாடி துடிக்கும் இடத்தை அழுத்தவே கூடாது.

வீட்டுக்கு ஸ்ட்ரோ பயிற்சி. 5 மி.மீ. அகலமான ஸ்ட்ரோவைப் போத்தல் தண்ணீரில் 2 செ.மீ. ஆழம் வைத்து “ஊ” என்று குரலோடு ஊத வேண்டும். தடவைக்கு 2 நிமிடம், நாளுக்கு 5 தடவை. குமிழி விட்டுவிட்டு வந்தால் மூச்சு சீராக இல்லை. மூக்கைப் பொத்தும்போது ஒலி மாறினால் காற்று மூக்கால் கசிகிறது. தொண்டை நொந்தால் ஸ்ட்ரோவை ஆழமாக விட்டிருப்பார், அல்லது பலமாக ஊதுகிறார்.

குரல் சில வேளை முதல் நாளிலேயே திரும்பிவிடும். அத்தோடு கிளினிக்கை நிறுத்துவதுதான் பெரிய பிழை. “ம்ம்” அதிர்வை உதட்டில் உணர்ந்தபடி “மாமா”, “மழை”, பிறகு வசனம், பிறகு வகுப்புச் சத்தத்துக்கு நடுவே வாய்ப்பாடு என்று ஏற்றிக்கொண்டு போங்கள். வாரம் ஒன்றாக 6 முதல் 8 அமர்வு நல்லது. தோட்டத்திலிருந்து வாராவாரம் பஸ் ஏற முடியாதவர் இடையில் குரல் பதிவு அனுப்பட்டும். பின்னர் 3, 6, 12ஆம் மாதங்களில் பழைய பதிவோடு ஒப்பிடுங்கள்.

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்திலும், காமன் கூத்துப் பாடுவோருக்கு மாசியிலும் குரல் மீண்டும் இறுகலாம். அதற்கு இரண்டு வாரம் முன்பே ஸ்ட்ரோவைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள். அப்படியும் கம்மி, 4 வாரத்தில் தெளியாவிட்டால், பழைய கோளாறுதான் என்று முடிவு கட்டாமல் மறுபடி கமராவுக்கு அனுப்புங்கள்.