பாஸ் ராக் கேனட்களைக் கண்காணிக்கும் முறை

ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் கரையிலிருந்து பார்த்தால், ஃபோர்த் முகத்துவாரத்தில் நிற்கும் பாஸ் ராக் என்னும் பாறைத்தீவு கோடையில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும். எச்சத்தோடு, நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் கேனட் என்னும் பெரிய கடற்பறவைகளும் அந்த வெண்மைக்குக் காரணம். 2014-ல் உலகின் மிகப் பெரிய வடக்குக் கேனட் குடியிருப்பாக இருந்த இங்கு, அப்போது பறவை அமர்ந்த 75,000-க்கும் மேற்பட்ட கூட்டிடங்கள் எண்ணப்பட்டன. 2022 கோடையில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் பரவியபின், 2023-ல் ஏறத்தாழ 52,000 மட்டுமே இருந்தன.

பாறை முழுவதையும் எண்ண முயல வேண்டாம். விளிம்புகள் தெளிவாகத் தெரியும் ஒரு சிறு பகுதியைத் தேர்ந்து, முக்காலியில் பொருத்திய தொலைநோக்கியால் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அதே இடத்திலிருந்து எண்ணுங்கள். கரையில் ஒதுங்கும் சடலங்களைவிட வெறுமையான கூட்டிடங்களே இழப்பை நன்கு காட்டும் என்பது என் கருத்து. ஏனெனில் கடலில் இறப்பவை பல கரை சேர்வதில்லை, கேனட்களோ பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பி வருபவை. ஆண்டுக்கு ஒரே முட்டையிட்டு, ஏறத்தாழ ஐந்தாம் வயதில்தான் இனப்பெருக்கத்தைத் தொடங்கும் பறவை என்பதால், ஓரிரு ஆண்டுக் கணக்கைக் கொண்டு மீட்சியை முடிவுசெய்ய இயலாது.

படகில் செல்பவர்கள் கண்களைப் படமெடுக்கலாம். கண்மணியைச் சுற்றி இயல்பாக வெளிர்நீல வளையம் இருக்கும். தொற்றிலிருந்து பிழைத்த சிலவற்றில் அது கருத்தோ, கரும்புள்ளிகள் படர்ந்தோ காணப்படுகிறது. இரத்தச் சோதனையில், தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் தென்பட்ட எட்டுக் கேனட்களில் ஏழுக்குக் கண் கருத்திருந்தது. இளம் பறவைகளின் கண் இயல்பிலேயே இருண்டிருக்கும் என்பதால், கரிய சிறகு நுனியும் வெண்ணிற உடலும் கொண்ட முதிர்ந்தவற்றை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

தலை நடுங்குதல், கழுத்து முறுகுதல், சிறகு தொங்குதல், நீரில் வட்டமடித்தல் ஆகியவை தொற்றின் அறிகுறிகளாக இருக்கலாம். ஆயினும் புயலுக்குப் பிந்தைய பட்டினியும், தூண்டில் நரம்பில் சிக்குவதும் பறவையைத் தளர்த்தும். பார்த்ததை மட்டும் குறியுங்கள், நோயின் பெயரை எழுத வேண்டாம். (பறக்கத் தெரியாமல் பாறையிலிருந்து குதிக்கும், கில்லிமாட் என்னும் கடற்பறவையின் குஞ்சு நோயாளியன்று, தந்தையுடன் கடலுக்குக் கிளம்பும் பருவம் அது.)

நோயுற்ற பறவையையும் சடலத்தையும் தொடாதீர்கள். நாயைக் கயிற்றில் பிடித்திருங்கள். இறந்தவற்றின் இனம், எண்ணிக்கை, இடம், தேதி ஆகியவற்றைப் பிரித்தானிய அரசின் இணையப் படிவத்தில் பதியுங்கள். கோழி வளர்ப்போர் வீடு திரும்பியதும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, காலணியையும் உடையையும் மாற்றிய பின்னரே கூண்டருகே செல்ல வேண்டும்.