ரியூக்யூ தீவுகளின் சங்கு அஞ்சல்தலைகளை அடையாளம் கண்டு சேகரிக்கும் முறை

ஜப்பானின் தென்கோடியில், ஒகினாவாவை உள்ளடக்கிய ரியூக்யூ தீவுகள் 1972 மே 15 வரை அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தன. அங்கே 1967, 1968 ஆண்டுகளில் வெளியான ஐந்து சங்கு அஞ்சல்தலைகளும் 3 சென்ட் மதிப்புடையவை. அவற்றில் ‘ரியூக்யூ யூபின்’ (ரியூக்யூ அஞ்சல்) என்று படிக்கப்படும் நான்கு சித்திர எழுத்துகளும், அவற்றுடன் சென்ட் மதிப்பும் இருக்கும். அதனால் ஜப்பானிய யென் மதிப்புள்ள தலைகளோடு இவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

விலையைக் கேட்பதற்கு முன் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் சங்கைப் பாருங்கள். நுனி மேல்நோக்கியும் வாய் நம்மை நோக்கியும் இருக்குமாறு வைத்தால், பெரும்பாலான கடல் நத்தைகளுக்கு வாய் வலப்பக்கம் அமையும். பிறகு இனத்தை முடிவு செய்யலாம். வெண்ணிற ஓட்டில் செம்மஞ்சள் புள்ளிகள் வரிசையாக ஓடினால் அது மைட்ரா மைட்ரா. சீப்பின் பற்களைப் போல நீண்ட முட்கள் அடர்ந்திருந்தால் மியூரெக்ஸ் பெக்டென். வாயின் ஓரத்தில் வளைந்த தடித்த விரல்கள் நீண்டிருந்தால் ஹார்பாகோ கிராக்ரா. நம் மன்னார் வளைகுடா மீனவர்கள் ஐவிரல் சங்கு என்று அழைக்கும் சங்கின் நெருங்கிய உறவினம் இது. பளபளப்பான சிறிய சங்கு யூப்ரோடோமஸ் புல்லா. உருண்டு பருத்த பச்சைச் சங்கு டர்போ மார்மோரேட்டஸ். இதன் உட்புறத்து முத்துப்பூச்சை மெல்லிய தகடுகளாகச் சீவி, ரியூக்யூ கைவினைஞர்கள் அரக்குப் பாத்திரங்களில் பதித்து வந்தார்கள். அதை அறிந்த பின் அந்தத் தலையைத் தனியே வைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடிந்ததில்லை.

பழைய பட்டியல்களில் சில பெயர்கள் மாறியிருக்கும்: ஹார்பாகோ ‘லாம்பிஸ்’ என்றும், மியூரெக்ஸ் பெக்டென் ‘மியூரெக்ஸ் டிரைரெமிஸ்’ என்றும் காணப்படலாம். ஆல்பத்தில் இரண்டு பெயர்களையும் எழுதி வையுங்கள்.

பாதுகாப்பில் மிகுந்த கவனம் தேவை. முத்திரையிடப்படாத தலையின் பின்பக்கப் பசை நம் ஊர்க் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் இளகித் தாளோடு ஒட்டிவிடும். ஆகவே விரலால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, தலையை ஆல்பத்தில் ஒட்டும் சிறு ஒட்டுத்தாள் போடாமல், ஒளிபுகும் உறையில் செருகி, ஆல்பத்தை நிமிர்த்தி வையுங்கள். பெட்டியில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் இருக்கட்டும். முத்திரையிடப்பட்ட தலை கடித உறையின் தாளில் ஒட்டியிருந்தால் குளிர்ந்த நீரில் சிறிது நேரம் ஊறவிட்டு, தானாகப் பிரிந்த பிறகே எடுத்து, உறிஞ்சுதாளின் மேல் முகம் குப்புறக் காயவைக்க வேண்டும்.