உப்புக் காற்றில் கான்கிரீட் வீடு: கூரையில் கம்பி தெரிந்த பிறகு யோசிப்பதைவிட...

கடலூர் தேவனாம்பட்டினத்தில் சித்தப்பா வீடு கட்டிப் பன்னிரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை, போர்டிகோவில் நின்ற ஸ்கூட்டர் சீட்டின் மேல் கையகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தால் கம்பி தெரிந்தது. விரலால் தேய்த்தேன், செதில் செதிலாக உதிர்ந்தது. சிமெண்டில் கலப்படம் என்று சித்தப்பா இன்றும் சொல்கிறார். எனக்கு அந்தச் சில்லே பதில் சொல்லிவிட்டது: கம்பிக்கு அடியில் இருந்த கான்கிரீட் ஒரு விரல் பருமன்கூட இல்லை.

கடலூரிலும் புதுச்சேரியிலும் கரையோர வீடுகளைத் தின்பது உப்பு. அது கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு பருக்கும். இடம் போதாமல் கான்கிரீட்டைப் பிளக்கும். இதற்காகத்தான் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456, கரையோரம் போன்ற 'கடுமையான' சூழலில் கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட்டும், எம்30 என்ற வலிமைத் தரமும் கேட்கிறது. இங்கே பல வீடுகளில் கம்பியைத் தூக்கிப் பிடிக்க 20 மி.மீ. கவர் பிளாக் கட்டைதான் வைக்கிறார்கள். அதுவும் இல்லாமல் ஜல்லித் துண்டைச் செருகிச் சமாளிப்பவர்களும் உண்டு. கான்கிரீட் கொட்டும்போது நான்கு பேர் கம்பியை மிதிப்பார்கள், ஜல்லி நழுவும், கம்பி அச்சுப் பலகையோடு படுத்துவிடும். முந்தின நாள் மாலையே ஸ்கேலுடன் மேலே ஏறிப் பாருங்கள். கொட்டத் தொடங்கிய பிறகு மேஸ்திரி யார் பேச்சையும் கேட்கமாட்டார். 45 மி.மீ. விட்டால் தளத்தின் கனமும் மாறும் என்பதால், அதைப் பொறியாளர் வரைபடத்திலேயே முடிவு செய்திருக்க வேண்டும்.

அடுத்த தவறு தண்ணீர். வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் வருவதை அப்படியே கலவைக்கு ஊற்றுகிறோம். நாக்கில் வைத்துப் பார்த்து 'உப்பில்லை' என்பது சோதனை ஆகாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்தால் தெரிந்துவிடும். அளவும் முக்கியம். 50 கிலோ மூட்டைக்கு 22 லிட்டர் அளவில் நிறுத்த வேண்டிய இடத்தில், கலவை 'ஓடட்டும்' என்று இன்னொரு பக்கெட் ஊற்றுவார்கள். அந்தக் கூடுதல் தண்ணீர் பின்னால் காய்ந்து, உப்பு நுழைய நுண்துளைகளை விட்டுப் போகும். கலவை இறுக்கமாக இருந்தால் அதை இளக்கும் ரசாயனமும், அதிர்த்து இறக்கும் வைப்ரேட்டரும் இருக்கின்றன.

தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதை எல்லோரும் செய்கிறார்கள். தூணையும் சுவரையும்தான் மறந்துவிடுகிறார்கள். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் வேண்டும். தூணில் சுற்றிய ஈரச் சாக்கு கடல் காற்றில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், காலையும் மாலையும் தெளித்தால் போதாது.

செங்கல்லே வேண்டாம், சுவரும் கான்கிரீட்டாக இருக்கட்டும் என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். கட்டலாம். ஆனால் அதில் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. சுவிட்சுப் பெட்டி, குழாய், ஏ.சி. ஓட்டை எல்லாம் அச்சு மூடுவதற்கு முன்பே குறித்தாக வேண்டும். மறந்த பாயிண்டுக்காகச் சுவரைக் காடி வெட்டினால் கம்பி அறுபடும். பெட்டிகளுக்குப் பின்னால் கலவை இறங்காமல் தேன்கூடு போல ஓட்டை விழும் இடங்களை, அச்சு பிரித்த அன்றே தேடிப் பாருங்கள். பூசி மறைத்த பிறகு தெரியாது. மேற்குச் சுவருக்கு நிழல் கொடுக்காவிட்டால், பகலில் குடித்த வெயிலை அது இரவெல்லாம் படுக்கையறைக்குள் விடும்.

தரைக்கு அடியில் நிரப்பும் மண்ணை ஒரே லாரியாகக் கொட்டி மேலே தண்ணீர் விட்டால் அது இறுகிவிடாது. அரை அடிக்கும் குறைவான அடுக்குகளாகக் கொட்டித் திமிசால் இடித்து இறுக்க வேண்டும், இல்லையேல் தரை ஓரத்தில் விரிசல் விட்டு இறங்கும். கடல் மணல் அறவே ஆகாது. தரை மட்டத்தைத் தெருவை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2015 வெள்ளத்திலும் 2024 பெஞ்சல் புயலிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள், சுவரில் கை வைத்தே காட்டுவார்.

சித்தப்பா கம்பியின் பின்பக்கம் வரை கொத்தித் துருவை எடுக்கவில்லை. மேலே சிமெண்டு பூசி வெள்ளையடித்துவிட்டார். ஸ்கூட்டரை மட்டும் இப்போது வேப்பமரத்தடியில் நிறுத்துகிறார்.