குழாய் பதிக்க நிலம் கேட்கிறார்களா? கையெழுத்துக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எரிவாயுவோ எண்ணெயோ போகும் குழாய் உங்கள் நிலத்தின் வழியே வரப்போகிறது என்று நிறுவனத்தின் ஆள் வந்து சொன்னால், முதலில் வாயில் வரும் கேள்வி ‘எவ்வளவு தருவீர்கள்?’ என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தொகைக்கு மட்டும் பேரம் பேசிவிட்டு, மற்றதையெல்லாம் அவர் நீட்டும் தாளிலேயே விட்டுவிடுகிறோம். பெரிய நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். நிறுவனம் வாங்குவது பயன்பாட்டு உரிமையை மட்டும். அந்த உரிமை எதுவரை என்பதை ஒப்பந்தத்தின் வார்த்தைகள்தான் தீர்மானிக்கும். ‘ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழாய்கள்’ என்று இருந்தால், இன்று ஒரு குழாய்க்கு வாங்கிய பணத்திலேயே நாளை இரண்டாவதும் வரலாம். ஒரே குழாய், இத்தனை அங்குல விட்டம், இன்ன பொருள் என்று எழுதி வாங்குங்கள். என்ன பொருள் என்பது சின்ன விஷயமல்ல. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்ற ஊருக்கு அருகே உடைந்த குழாயில் இருந்தது கார்பன் டை ஆக்சைடு. மூச்சுத் திணறி நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது.

அடுத்தது ஆழம். விவசாய நிலத்துக்கு நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன். அமெரிக்க விதிப்படி, வயல்வெளியில் சாதாரண மண்ணில் குழாயின் மேல் 30 அங்குல மண் மூடியிருந்தால் போதும். அதுவும் பதிக்கும் நேரத்துக்கான அளவு. மழையில் மண் கரைந்து சில ஆண்டுகளில் அது குறையலாம். ஆழமாக உழும் கலப்பை பதினெட்டு, இருபது அங்குலம் வரை இறங்கும். அதனால் 4 அடி கேளுங்கள். அந்த ஆழம் குறைந்தால் நிறுவனமே சரிசெய்ய வேண்டும் என்ற வரியையும் சேர்த்துக் கேளுங்கள். தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, மூடும்போது அதையே மேலே போட வேண்டும். அடிமண்ணோடு கலந்துவிட்டால் அந்தப் பட்டையில் விளைச்சல் பல வருஷத்துக்குத் தலைதூக்காது. வடிகால் உடைந்தால் யார் செலவு என்பதும் இதே இடத்தில் வர வேண்டும்.

நிரந்தர அகலமும் வேலை நடக்கும்போது மட்டும் எடுக்கும் அகலமும் வேறு வேறு. இரண்டையும் அளந்த வரைபடம் ஒப்பந்தத்தோடு இணைந்திருக்கட்டும். வால்வு நிலையம் போல தரைக்கு மேலே எதுவும் வருமா, எந்தப் பாதையில் வண்டி வரும் என்பதையும் எழுதிவிடுங்கள். ‘அதெல்லாம் பார்த்துக்கொள்வோம்’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னவர் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

‘கட்டாயமாக எடுக்கச் சட்டம் இருக்கிறதே, பேசி என்ன பயன்?’ என்று ஒதுங்குவதும் தவறு. இந்தியாவில் 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி பயன்பாட்டு உரிமைக்கான இழப்பீடு சந்தை மதிப்பில் 10 சதவீதம்தான். கட்டடம், கிணறு, மரம் எதுவும் அந்தப் பட்டையில் கூடாது. ஆனால் அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பயிர், மரச் சேதத்துக்குத் தனியே இழப்பீடு உண்டு. தொகை போதாது என்றால் மாவட்ட நீதிமன்றம் போகலாம். நாளைத் தவறவிடுவதுதான் ஆபத்து.

திட்டம் நின்றுபோனால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் அட்லாண்டிக் கோஸ்ட் குழாய்த் திட்டம் 2020 ஜூலையில் கைவிடப்பட்டபோது, எழுதி வாங்கிய உரிமைகள் தானாக ரத்தாகிவிடவில்லை. இத்தனை ஆண்டு பயன்படுத்தாவிட்டால் உரிமை முடியும், பழைய குழாயை எடுப்பதும் நிலத்தைச் சீராக்குவதும் நிறுவனத்தின் பொறுப்பு என்று முன்பே எழுதுங்கள். குழாயால் மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கு உங்களைப் பொறுப்பாக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கட்டும்.

அப்புறம், இயந்திரம் இறங்கும் முன் தேதியோடு போட்டோ எடுத்து, மண் பரிசோதனை செய்து, கடந்த சில வருஷ விளைச்சல் கணக்கையும் எடுத்து வையுங்கள். பின்னால் சேதம் என்று கேட்கும்போது, முன்பு நிலம் எப்படி இருந்தது என்பதைக் காட்ட உங்கள் கையில் வேறு எதுவும் இருக்காது.