செம்பனைத் தோட்டத்தில் இரலை வேட்டை: வில்லைப் புதிதாகத் தொடுபவர்களுக்கு

எங்கள் ஊர் மலேசியாவில் இருக்கிற சுங்கை சிப்புட். ஒரு காலத்தில் சுற்றிலும் பால் மரம் (ரப்பர்), இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேர், நானும் என் மச்சானும் லோரி ஓட்டும் ஓர் அண்ணனும் அவருடைய தம்பியும், வில்லைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் இரலை (மான் போன்ற ஆன்டிலோப்) வேட்டைக்குப் போகிறோம். எப்படித் தொடங்குவது, என்ன வாங்குவது என்று பலர் கேட்டுவிட்டார்கள், அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. உயிருள்ள எதையும் நாங்கள் எய்வதில்லை. இரலை இந்த நாட்டு விலங்கே இல்லை. அதற்கு ஓரளவு சொந்தம் என்று சொல்லக்கூடியது ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் ஏறித் திரிகிற காம்பிங் குருன் என்ற மலையாடுதான், அது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முழுப் பாதுகாப்புப் பெற்றது. ஆப்பிரிக்காவில் இம்பாலா என்ற இரலையையும் வட அமெரிக்கப் புல்வெளிகளில் இரலை போன்ற ப்ராங்ஹார்னையும் உரிமம் வாங்கி வில்லால் வேட்டையாடுகிறார்கள். அந்த வேட்டையின் பதுங்கல், தூரக் கணிப்பு, எய்யலாமா வேண்டாமா என்ற முடிவு எல்லாவற்றையும் ஒரு பொம்மை இரலையை வைத்துப் பழகுகிறோம். உலகம் முழுக்க இதை 3டி வில்வித்தை என்று போட்டியாகவே நடத்துகிறார்கள், பெரும்பாலும் தூரம் எவ்வளவு என்று யாரும் சொல்லமாட்டார்கள், நாமே கணித்து எய்ய வேண்டும். இந்த விளையாட்டின் உயிரே அந்தக் கணிப்புதான், இந்தக் கட்டுரையிலும் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதல் படி: அனுமதி

தோட்டம் சும்மா கிடக்கிற நிலம் இல்லை. ஆபீசுக்குப் போய்க் கிராணியிடம் (குமாஸ்தாவிடம்) விஷயத்தைச் சொல்லி, மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்த நாள், எந்தப் பகுதி, எத்தனை பேர் என்று அதில் இருக்கட்டும். ஞாயிறு என்றாலும் சில நேரம் குலை வெட்ட ஆட்கள் இறங்குவார்கள், அதனால் முதல் நாள் மாலை மண்டோரிடம் (வேலையாட்களை மேய்ப்பவரிடம்) ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து மர வரிசையில் ஆள் இருந்தால் அன்றைக்கு வில்லை எடுக்கவே கூடாது.

இரண்டாம் படி: வில்லும் அம்பும்

கடையில் போய் நின்றதும் கை தானாக வலுவான வில்லைத் தேடும். வேண்டாம். பெரியவர்களுக்கு 24 முதல் 28 பவுண்டு இழுவிசை உள்ள, கழற்றி மாட்டக்கூடிய ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) போதும். மூன்று நான்கு மாதம் கழித்து வில்லின் வளையும் பகுதிகளான மேல்கை, கீழ்கை இரண்டையும் மட்டும் மாற்றி வலுவைக் கூட்டிக்கொள்ளலாம். ஆரம்பத்திலேயே 40 பவுண்டை இழுத்துத் தோள்பட்டையைப் புண்ணாக்கிக்கொண்டு இரண்டாவது வாரமே விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இழுவை நீளத்தை, அதாவது நாணை எவ்வளவு தூரம் இழுப்பீர்கள் என்பதை, கண்டுபிடிக்க இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல் நுனிக்கு விரல் நுனி அங்குலத்தில் அளந்து 2.5ஆல் வகுங்கள். 65 அங்குலம் வந்தால் இழுவை 26. புதியவர்கள் அதைவிட 2 அங்குலமாவது நீளமான அம்பு வாங்குவது நல்லது, இழுக்கும்போது முனை வில்லுக்குப் பின்னால் வந்து கையில் குத்தாது. அம்பின் விறைப்பு வில்லின் வலுவுக்குப் பொருந்த வேண்டும், கடைக்காரரிடம் பவுண்டையும் நீளத்தையும் சொன்னால் எடுத்துக் கொடுப்பார். முனை உருண்டையான பயிற்சி முனையாக இருக்கட்டும், வெட்டும் அலகுள்ள வேட்டை முனை நமக்குத் தேவையே இல்லை. கூடவே முன்கைக் காப்பு, விரலைக் காக்கும் தோல் பட்டை, அம்பறாத்தூணி.

வலக்கை வில்லா இடக்கை வில்லா என்பதைக் கண்தான் முடிவு செய்கிறது. இரு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சின்ன முக்கோண இடைவெளி விட்டு, தூரத்தில் ஒரு தேங்காயை அதன் வழியே பாருங்கள். ஒரு கண்ணை மூடுங்கள், பிறகு மற்றதை மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது தேங்காய் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் உங்கள் ஆளும் கண், அது வலது என்றால் நாணை வலக்கையால் இழுக்கும் வில்.

இன்னும் இரண்டு விஷயம். நாண் பூட்ட அதற்கென்று இருக்கிற கயிற்றையே பயன்படுத்துங்கள், காலுக்கு நடுவில் வில்லை வளைத்துப் பூட்டினால் வில்லின் கைகள் முறுக்கிக்கொள்ளும். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பி, அது பிளந்துபோகும்.

மூன்றாம் படி: ஐந்து மீட்டரில் ஒரு மாதம்

வீட்டுக்குப் பின்னால் ஐந்து மீட்டரில் ஒரு மூட்டையை வைத்து, அதில் எந்தக் குறியும் வரையாமல் எய்யுங்கள். குறி இருந்தால் கண் குறிக்கே ஓடும், உடம்பு என்ன செய்கிறது என்று தெரியாது. கால்கள் தோள் அகலம், நாணில் மூன்று விரல், இழுத்ததும் ஆள்காட்டி விரல் வாயின் ஓரத்தைத் தொட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடம். ஒரு விரற்கடை தள்ளினால்கூட அம்பு வேறெங்கோ போகும். கையால் இழுக்காமல் முதுகால் இழுக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், தோள்பட்டை எலும்புகள் பின்னால் நெருங்குவது தெரியும். விடும்போது விரல்களைத் தளர்த்தினால் போதும், பிரிக்க வேண்டியதில்லை. அம்பு போய்ச் சேரும்வரை வில்லை இறக்காதீர்கள்.

நான்காம் படி: இரலை செய்வது

ரப்பர் நுரையில் செய்த கடைப் பொம்மை விலை அதிகம். நாங்கள் செய்வது இப்படி: பெரிய உர மூட்டைப் பையில் பழைய துணியை இறுக்கி இறுக்கி அடைத்து, வாயைத் தைத்துவிடுகிறோம். 28 பவுண்டு வில்லுக்கு அது தாங்கும். பட்டன், ஜிப், பெல்ட் பக்கிள் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுங்கள், ஒரு ஜீன்ஸ் பட்டனில் பட்டு எங்கள் அம்பு ஒன்று திரும்பி வந்திருக்கிறது. மூட்டைக்கு முன்னால் கெட்டி அட்டையில் இரலையை வெட்டி ஒட்டுங்கள். தோள் உயரம் 85, 90 செண்டிமீட்டர் இருந்தால் இம்பாலாவும் ஆகும் ப்ராங்ஹார்னும் ஆகும். தம்பி மட்டும் எப்போதும் முறுக்குக் கொம்பு வைத்துத்தான் வரைவான், தமிழகத்துப் பழைய இரலை.

முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் அடிக்கோட்டிலிருந்து மேலே மூன்றில் ஒரு பங்கில், 20 செண்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் பென்சிலால் மெல்லிசாகப் போடுங்கள். நுரையீரலும் இதயமும் இருக்கிற இடம் அது. எய்யும் இடத்திலிருந்து வட்டம் தெரியக் கூடாது, அம்பைப் பிடுங்கும்போது மட்டும் தெரிய வேண்டும். உண்மையான விலங்கின் மேல் யாரும் வட்டம் போட்டு வைப்பதில்லை.

ஐந்தாம் படி: தூரம்

இப்போது கணக்கு. நம் வில்லிலிருந்து அம்பு ஏறக்குறைய நொடிக்கு 50 மீட்டர் போகிறது என்று வையுங்கள். 20 மீட்டர் போக 0.4 நொடி. அதற்குள் புவியீர்ப்பு அதை முக்கால் மீட்டருக்கு மேல் கீழே இழுத்துவிடும், நாம் அதற்குத் தகுந்தபடி முனையை உயர்த்தித்தான் விடுகிறோம். இலக்கு 20 மீட்டரில் இருப்பதாக நினைத்து விட்டீர்கள், உண்மையில் அது 25 மீட்டரில் இருந்தது என்றால் அம்பு ஏறக்குறைய 25 செண்டிமீட்டர் கீழே போய்விடும். நம் வட்டமே 20 செண்டிமீட்டர்தான். கை ஆடாமல், விரல் பிசகாமல், எல்லாமே சரியாகச் செய்தும் வட்டத்தைத் தவறவிடுவோம்.

மேற்குப் பக்கம் ஒரு சின்னக் கானை (வாய்க்காலை) தாண்டி இலக்கு வைத்திருந்தோம். எனக்கு 18 மீட்டராகத் தெரிந்தது. சந்தேகமே வரவில்லை. விட்டேன், சத்தம் கேட்டது, பட்டுவிட்டது என்று சந்தோஷமாகத்தான் நடந்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் அம்பு முன்னங்காலில், மூட்டுக்கு மேலே, அட்டையைக் கிழித்துக்கொண்டு நிற்கிறது. டேப் பிடித்தால் 23 மீட்டர். அண்ணன் அந்த ஓட்டையில் விரலை வைத்து, "இது உயிரோட இருந்திருந்தா மூணு காலோட ஓடிட்டு இருக்கும்யா" என்றார். நான் அம்பைப் பிடுங்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கான், பள்ளம், நடுவில் தரை தெரியாத இடம் எதுவாக இருந்தாலும் தூரம் குறைவாகவே கண்ணுக்குத் தெரியும், அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது.

ஆனால் தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு வரம் இருக்கிறது. செம்பனை கண்டபடி நடப்படுவதில்லை, முக்கோணமாக, பெரும்பாலும் மரத்துக்கு மரம் 9 மீட்டரில் நடுகிறார்கள். அதனால்தான் மூன்று திசையில் எந்தப் பக்கம் பார்த்தாலும் வரிசை நூல் பிடித்த மாதிரி தெரிகிறது. அந்த வரிசை ஒன்றின் வழியே பார்த்து எண்ணினால் ஒரு இடைவெளி 9, இரண்டு 18, மூன்று 27. நாட்டில் வேறெங்கே இப்படி ஓர் அளவுகோல் கிடைக்கும்! இடைவெளி தோட்டத்துக்குத் தோட்டம் கொஞ்சம் மாறும், ஆகவே முதல் நாள் வில்லே எடுக்காமல் டேப்போடு போய் பத்து இடைவெளி அளந்து உங்கள் எண்ணை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் 9, 18, 27 மூன்றிலும் நின்று, அம்பு முனையை இலக்குக்கு எவ்வளவு கீழேயோ மேலேயோ வைத்தால் நடுவில் படுகிறது என்று ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் இது வேறு, மச்சானின் எண் எனக்கு உதவாது. எழுதி முடித்த பிறகு மரங்களை எண்ணாமல் முதலில் கண்ணால் சொல்லுங்கள், பிறகு எண்ணிச் சரிபாருங்கள். நாங்கள் டீ குடிக்கப் போகும்போதுகூட "அந்த மோட்டார் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக்கொண்டே நடப்போம். இரண்டு மாதத்தில் கண் பழகிவிடும்.

பத்து அம்பில் எட்டு அந்த வட்டத்துக்குள் விழுகிற தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. எனக்கு அது இன்றைக்கும் 18 மீட்டர். இரண்டு மர இடைவெளிக்கு அப்பால் இலக்கு நின்றால் நான் வில்லை உயர்த்துவதே இல்லை, கிட்டே போக வழி பார்ப்பேன், இல்லையென்றால் "விடுகிறேன்" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். எங்கள் கணக்கில் அப்படி விட்டதற்கும் புள்ளி உண்டு: வட்டத்துக்குள் 10, எய்யாமல் விட்டால் 3, வட்டத்துக்கு வெளியே உடம்பில் பட்டால் மைனஸ் 5. முழுசாகத் தவறினால் பூஜ்யம். காயப்படுத்துவது தவறவிடுவதைவிட மோசம் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு.

தூரம் கூடக்கூட இன்னொரு சிக்கலும் வரும். 20 மீட்டரில் நாண் சத்தம் 0.06 நொடியில் விலங்கின் காதை எட்டிவிடும், அம்பு வர 0.4 நொடி. நடுவில் மூன்றில் ஒரு நொடி. இரலைகளுக்கு அது போதும், ஓடுவதற்காக உடம்பைத் தாழ்த்துகிற அந்த ஓர் அசைவில் அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய ப்ராங்ஹார்னை வேட்டையாடுபவர்கள் பலர் வெட்டவெளியில் துரத்தாமல் நீர்நிலை ஓரம் மறைவு கட்டிக் காத்திருப்பது இதனாலும்தான். அங்கே உட்கார்ந்ததும் சுற்றியுள்ள கல், புதர் எல்லாவற்றுக்கும் தூரம் அளந்து வைத்துக்கொள்வார்கள்.

ஆறாம் படி: அந்த ஞாயிறு

ஏழரைக்குப் பழைய பெரட்டுக்களத்தில் (காலையில் வேலையாட்கள் கூடிப் பெயர் கொடுக்கும் இடத்தில்) கூடுவோம், நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குள் இறங்கிவிடுவோம். பதினொன்றுக்கு மேல் வெயில் தாங்காது. பூட்ஸ், முழுக்கால் சட்டை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். வெட்டிய மட்டைகளை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை குவித்து வைத்திருப்பார்கள், அந்தக் குவியலில் பாம்பு இருக்கும், அம்பு அதற்குள் போனால் கையை விடாமல் கம்பால் கிளறுங்கள்.

இலக்குக்குப் பின்னால் எப்போதும் மண்மேடு இருக்க வேண்டும். செம்பனையின் மேல் எய்யக் கூடாது, மரமும் புண்ணாகும் அம்பும் வராது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எய்வார், மற்ற மூவரும் அவருக்குப் பின்னால். எய்யும் இடத்துக்கு வரும்வரை நாணில் அம்பு ஏறக் கூடாது. அம்பு தேட இலக்குக்குப் பின்னால் யாராவது போனால் ஒரு வில்லை இலக்கின் முன்னால் சாய்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும், வில் நிற்கிறது என்றால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். இந்த விதிகளில் யாருக்கும் சலுகை கிடையாது, அண்ணனுக்கும்.

பதுங்கிப் போவது தனி இன்பம். மட்டை குவிக்காத வரிசையில், மரத்துக்கு மரம் மறைந்து, குதிகாலை முதலில் வைக்காமல் பாதத்தின் வெளி ஓரத்தால் தரையைத் தடவி வையுங்கள். காய்ந்த ஓலை ஒன்று நொறுங்கினாலும் நாங்கள் நின்று இருபது வரை எண்ணுவோம். கொஞ்சம் முகப்பவுடர் தட்டிக் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள், பொம்மைக்கு மூக்கு இல்லைதான், நமக்குப் பழக்கம் வேண்டும். குட்டை ஓரத்தில் மட்டையால் ஒரு மறைவு கட்டி, அதற்குள் முட்டி போட்டு எய்யும் இடம் ஒன்று வைத்திருக்கிறோம். முட்டி போடும்போது வில்லின் கீழ்கை தரையிலோ தொடையிலோ இடிக்கும், வலக்கை வில் என்றால் அதை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். சாய்த்தால் அம்பும் அந்தப் பக்கம் கொஞ்சம் விலகும், அதையும் நோட்டில் எழுதிவையுங்கள்.

முழுசாக இழுத்து ஐந்தாறு நொடிக்குள் மனம் சரி என்று சொல்லவில்லையென்றால் மெதுவாகத் தளர்த்தி இறக்குங்கள். போன மாதம் மச்சான் மறைவில் இருந்தபடி மூன்று முறை இழுத்து மூன்று முறையும் இறக்கினார், நாலாவது முறை விட்டது வட்டத்தின் நடுவில்.

பிடுங்கும்போது ஒரு கையால் அட்டையை அழுத்தி, அம்பை அட்டையை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், பின்னால் யாரும் நிற்கவில்லை என்று பார்த்துவிட்டு. கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் லேசாக வளைத்துத் திருப்பிப் பாருங்கள், மெல்லிய விரிசல் சத்தம் கேட்டாலும் உடைத்துப் போட்டுவிடுங்கள். அது அடுத்த முறை கையில்தான் வெடிக்கும்.

மழை வருவதற்குள் மூட்டைகளை ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும், நனைந்தால் காய இரண்டு வாரம். நாணைக் கழற்றி, வில்லின் கைகளைத் துணியால் துடைத்து உறையில் போடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வில்லை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், அந்தச் சூட்டில் ஒட்டுப் பசை இளகி வில்லின் கைகள் வளைந்துவிடும். நாங்கள் மீ கோரெங் கடைக்கு வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டேதான் போகிறோம், கடைக்காரருக்குப் பழகிவிட்டது.