வேண்டியது முதல் வரியில்

மொத்த வியாபாரிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஆர்டர் அனுப்பும்போது பொருள், அளவு, நாள் மூன்றையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். வணக்கம் பிறகு வரட்டும். "வெள்ளி காலைக்குள் 10 கிலோ அரிசி மூட்டை 20, சுங்கை சிப்புட் கடைக்கு. வணக்கம் அண்ணே."

பூட்டிய கைப்பேசித் திரையில் பெரும்பாலும் செய்தியின் தொடக்கம் மட்டுமே தெரியும். லோரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருப்பவர் அதைப் பார்த்தே மூட்டையை எடுத்து வைத்துவிடுவார். "வணக்கம் அண்ணே, நலமா?" என்று மட்டும் தெரிந்தால், மாலையில் பார்க்கலாம் என்று சட்டைப்பைக்குள் போட்டுவிடுவார். அந்த மாலை எளிதில் வராது. "நாளை" என்றும் எழுதாதீர்கள், கிழமையைப் போடுங்கள். மறுநாள் படித்தால் நாளை மாறிவிடும்.

தோட்டத்து வாடிக்கையாளரிடம் பாக்கி கேட்க மட்டும் இந்த முறை வேண்டாம். எடுத்தவுடன் ரிங்கிட் கணக்கு, அதுவும் சம்பளத்துக்கு முந்தைய வாரத்தில், முகத்தில் அடித்ததுபோல் இருக்கும்.